சிறை இல்லை, ஆனால்

எங்கள் வேலையில் பொய் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. இரக்கமுள்ளவர்கள். எதிரே இருப்பவள் அழுதுவிடுவாளே என்று ஒரு வசனத்தை விழுங்கிவிடுவார்கள். வைத்தியர் சொன்னதில் நல்லதை மட்டும் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, புண்ணியம் செய்துவிட்டோம் என்ற முகத்தோடு வீட்டுக்குப் போவார்கள்.

போன மாதம் இங்கே கியூபெக்கில் வைத்தியசாலை மொழிபெயர்ப்பாளர்களுக்கான வகுப்பு ஒன்றில் பேச என்னைக் கூப்பிட்டார்கள். ஓய்வுபெற்ற பிறகும் கூப்பிட்டால் போகிறேன். அங்கே வதனியின் கதையைச் சொன்னேன். வதனி அவளுடைய உண்மையான பெயர் இல்லை. கதை முடிந்ததும், சென்னையிலிருந்து படிக்க வந்து பகுதிநேரமாக இந்த வேலை செய்கிற ஒரு பெண் கையை உயர்த்தினாள்.

"மேடம், அந்த ரெண்டாவது பாதிய நீங்க சொல்லாம விட்டிருக்கலாமே? பாவம், ஏற்கெனவே பயந்து போயிருக்காங்க."

வகுப்பில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் வாயைத் திறந்தால் அந்தப் பிள்ளை அடுத்த வாரம் வேலையை விட்டுவிடும். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதுதான் பதில். எல்லோரும் படியுங்கள்.

வதனியை நான் முதலில் பார்த்தது பனிக்காலம் முடிகிற நேரம். கர்ப்பிணிகளைப் பார்க்கும் பகுதியில் ஒரு சின்ன அறை. வெப்பமூட்டி விடாமல் முனகிக்கொண்டிருக்கும். ஜன்னல் முழுக்க ஆவி படிந்து, வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. அந்த அறைகளில் எனக்கு எப்போதும் பாதி நித்திரையில் இருப்பதுபோல இருக்கும். காதுக்குள் பிரெஞ்சு போகும், வாயிலிருந்து தமிழ் வரும், இரண்டுக்கும் நடுவில் நான் என்று ஒருத்தி இருக்கமாட்டேன். எங்கள் விதி உங்களுக்குத் தெரியும். 'அவளுக்கு நோகிறதாம்' என்று சொல்லக்கூடாது. அவள் எனக்கு நோகுது என்றால், நாங்களும் 'எனக்கு நோகிறது' என்றுதான் சொல்லவேண்டும். அந்த விதியால் நான் எத்தனையோ தடவை கர்ப்பமாகியிருக்கிறேன். எத்தனையோ தடவை என் புருஷன் செத்திருக்கிறான். அந்த மனிதர் இன்றைக்கும் வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வதனி மெலிந்த பெண். பெரிய குளிர்க்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய மச்சாள், அதாவது புருஷனின் அக்கா. மடியில் தேநீர்ப் போத்தல். நகரத்தின் ஓரத்தில் இல்-பிசார் என்ற தீவில் சொந்த வீடு வைத்திருக்கிறவர். வதனியின் புருஷன் அமெரிக்காவுக்கு லொறி ஓட்டுகிறவன். அவன் ஓட்டம் போகும் நாட்களில் வதனி மச்சாள் வீட்டில்தான் இருப்பாள். வைத்தியசாலைக்கு அழைத்து வருவதும் மச்சாள்தான்.

நான் வணக்கம் சொன்னதும் வதனி மச்சாளின் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"இந்தியாப் பிள்ளையள் ஒருத்தரும் இல்லையாமோ?"

நான் இதற்கெல்லாம் வருத்தப்படுவதில்லை. எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் இந்த நகரத்தில் ஒரு சின்ன ஊர்தான். வைத்தியசாலையில் சொன்னதைக் கோயிலில் பொங்கலோடு சேர்த்துப் பரிமாறிவிடுவார்கள் என்ற பயம். சென்னைக்காரர் என்றால் யாருக்கும் யாரையும் தெரியாது.

"நான் இஞ்சை கேட்டதை வெளியிலை கதைக்கிறேல்லை, பிள்ளை" என்றேன்.

"எல்லாரும் உப்பிடித்தான் சொல்லுறவை" என்று மச்சாள் சிரித்தார்.

வைத்தியர் இளையவர், மென்மையானவர். வழக்கமான கேள்விகளுக்கு வந்தார். சிகரெட், மது, மாத்திரைகள். அந்தக் கேள்விகளைத் தனியாகக் கேட்க விரும்புகிறீர்களா என்று நான் அவரிடம் கேட்டேன். அது என் கடமை. அவர் புன்னகைத்தார். குடும்பம் கூட இருப்பது உங்கள் பண்பாட்டில் முக்கியம் அல்லவா என்றார். ஏதோ ஒரு பயிற்சியில் யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தமிழர்கள் கூட்டமாகத்தான் மூச்சு விடுவார்கள் என்று. பண்பாடு என்று சொல்லிவிட்டால் பிறகு யோசிக்கத் தேவையில்லை.

"வலி மாத்திரை, போதைப்பொருள், அப்படி ஏதாவது?"

வதனி மச்சாளைப் பார்த்தாள். "இல்லை. நான் ஒண்டும் எடுக்கிறேல்லை."

"எங்கடை வீட்டிலை தலையிடிக்குப் போடுற பனடோலைக் கூட ஒளிச்சுத்தான் வைக்கிறது, டொக்டர்" என்றார் மச்சாள்.

இரண்டையும் சொன்னேன். வைத்தியர் சிரித்தார்.

பின்னால் தெரிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வதனி கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி தூக்கும் வேலை செய்தவள். ஒரு நாள் முதுகு பிடித்துக்கொண்டது. யாரோ ஒரு வைத்தியர் அபின் இனத்து வலி மாத்திரை கொடுத்தார். கொஞ்சக் காலத்தில் போதும் என்று நிறுத்தினார். உடம்பு நிறுத்தவில்லை. கூட வேலை செய்த ஒருத்தி மூலம் மாத்திரை தொடர்ந்து கிடைத்தது. புருஷனுக்குத் தெரியாது. மச்சாளுக்குத் தெரியவே தெரியாது. பிறகு பிள்ளை உண்டானது.

அடுத்த தடவை சிறுநீர்ப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. அன்றைக்கு அங்கே ஒரு தாதியும் இருந்தாள். கியூபெக்கின் கடலோரத்து ஊர்க்காரி, ஆள் பெரியவள், காற்றுக்கு மேலால் கத்திப் பழகிய குரல். மச்சாளை வெளியே இருக்கச் சொன்னாள். "நான் ஒரு ஓரமா நிப்பன்" என்று மச்சாள் கதிரையைப் பிடித்துக்கொண்டார். தாதி 'நோ' என்றாள். அந்த ஒரு சொல்லை நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

வைத்தியர் முடிவைச் சொன்னார். பரிசோதனையில் தெரிகிறது, மாத்திரை எடுக்கிறீர்களா?

"இல்லை. நான் ஒண்டும் எடுக்கிறேல்லை."

மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதே பதில். அதே சொற்கள், அதே வரிசை. வைத்தியரின் காது சிவந்தது. பரிசோதனை பொய் சொல்லாது என்றார்.

"நான் முதலே சொன்னனான்" என்றாள் வதனி.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் இந்த அறையில் இல்லை. அவள் அகதி விசாரணை அறையில் இருந்தாள்.

நீங்கள் படிக்க வந்தவர்கள், உங்களுக்கு இது தெரியாது. நானும் அந்த அறையில் உட்கார்ந்தவள்தான். பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியின் நிலவறை வீடுகளில் புதிதாக வந்தவனுக்குச் சோறு போடுவதற்கு முன்பே எங்கள் ஆட்கள் சொல்லிக் கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. முதல் சொன்னதிலேயே நில். ஊருக்குள் ஆமிப் பட்டாளம் வந்தது செவ்வாய்க்கிழமை என்று சொல்லியிருந்தால், அது புதன்கிழமை என்று நடுவில் நினைவு வந்தாலும் செவ்வாயிலேயே நில். ஒரு தரம் மாற்றினால் நீ பொய்யன். பொய்யனுக்கு ஊருக்குத் திரும்பும் விமானச் சீட்டு. அந்தப் பாடத்தைப் பிடித்து நின்றவர்கள் தப்பினார்கள், வதனியும் அப்படித் தப்பியவள். ஆகவே ஒரு அதிகாரி ஒரு கேள்வியை இரண்டாம் முறை கேட்டால், பதிலைத் திருத்த அது ஒரு சந்தர்ப்பம் என்று எங்கள் ஆட்களுக்குத் தோன்றாது. பொறி வைக்கிறான் என்றுதான் தோன்றும். உயிரைக் காப்பாற்றிய பழக்கத்தை யார் விடுவார்கள்?

நான் வதனியிடம், இப்போது நான் என் வாயால் வைத்தியரோடு கதைக்கப்போகிறேன் என்று சொன்னேன். பிறகு வைத்தியரிடம் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன். இதே கேள்வியை மாலைவரை கேட்டாலும் இதே பதில்தான் வரும். 'ஓம்' என்று சொன்னால் தனக்கு என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அதை முதலில் சொல்லுங்கள். கேள்வியைப் பிறகு கேளுங்கள்.

அவருக்குப் பிடிக்கவில்லை. தாதி என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் சொன்னதை அப்படியே வதனிக்கும் தமிழில் சொன்னேன். பிறகு வதனி ஜன்னலின் ஆவியைப் பார்த்துக்கொண்டே, நித்திரையில் கதைப்பவள்போலக் கதைத்தாள்.

"அக்கா, வயித்திலை பிள்ளையோடை உப்பிடி மாத்திரை எடுத்தா மறியலிலை போடுவினமோ? எனக்கில்லை. சும்மாதான் கேக்கிறன்."

மறியல் என்றால் எங்கள் பேச்சில் சிறை. சென்னைப் பிள்ளைகள் குறித்துக்கொள்ளுங்கள்.

"எங்கடை இவர் அமெரிக்காவிலை லொறி நிப்பாட்டிற இடத்திலை டிவியிலை பாத்தவராம். அங்கை ஒருத்தியை, பிள்ளை பிறந்த கையோடை பொலிஸ் விலங்கு போட்டுக் கொண்டு போனதாம். வந்து சாப்பிடேக்கை சொன்னவர்."

"சொல்லிப்போட்டு?" என்று தாதி கேட்கச் சொன்னாள்.

"சொல்லிப்போட்டு, அவளுக்கு வேணும் எண்டவர். பேந்து இன்னும் கொஞ்சம் கறி விடச் சொன்னவர்."

வைத்தியர் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லவேண்டும். பேனாவைக் கீழே வைத்தார். இல்லை, சிறை இல்லை என்றார். அமெரிக்காவில் சில மாநிலங்களில் அப்படி நடக்கிறது, இந்த நாட்டில் இல்லை. பிறக்காத பிள்ளையைச் சட்டம் தனி ஆளாக எடுப்பதில்லை. கர்ப்பத்தில் தன் உடம்புக்குள் போட்டதற்காக ஒரு தாய்மீது குற்றம் சாட்டமாட்டார்கள். பொலிஸ் வராது. ஆனால், பிள்ளை பிறந்த பிறகு அதன் பாதுகாப்பைப் பற்றி எங்களுக்குக் கவலை இருந்தால், சிறுவர் பாதுகாப்புப் பிரிவுக்கு நாங்கள் அறிவிக்கவேண்டும். அவர்கள் வந்து விசாரிப்பார்கள். பெரும்பாலும் பிள்ளை தாயோடுதான் போகும். எப்போதும் என்று சொல்லமுடியாது.

ஒரே மூச்சில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். இனி என் வேலை.

முதற் பாதியைச் சொன்னேன். மறியல் இல்லை. பொலிஸ் வராது. வதனியின் தோள்கள் இறங்கின. குளிர்க்கோட்டின் சிப்பைக் கீழே இழுத்தாள். முதல் முறையாக அவளுடைய வயிற்றைப் பார்த்தேன், சின்ன வயிறு, நீலப் பூப்போட்ட சட்டை. அவள் மூச்சு விடுவது கேட்டது. வெளியே கூரையிலிருந்து பனி பொத்தென்று விழுந்தது. அந்த அறை அப்படியே மிதப்பதுபோல இருந்தது. எல்லோரும் நல்லவர்களாக இருந்தோம். 'ஆனால்' என்ற சொல் மட்டும் என் நாக்கில் கிடந்தது.

இந்த இடத்தில்தான் நீங்கள் எல்லோரும் நிறுத்தியிருப்பீர்கள். எனக்குத் தெரியும். எனக்கும் ஆசை வந்தது. இன்னும் மாதங்கள் கிடக்கின்றன, அதற்குள் அவள் சரியாகிவிடுவாள், பிறகு ஏன் இப்போதே சொல்லி, இறங்கின தோளை மறுபடி ஏற்றவேண்டும்?

சொன்னேன். மெதுவாக, ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல். பிள்ளை பிறந்த பிறகு, கவலை இருந்தால், அவர்கள் வரலாம். பெரும்பாலும் பிள்ளை தாயோடு. எப்போதும் இல்லை.

வதனி சிப்பை மேலே இழுத்தாள்.

"எனக்கு ஒரு மாத்திரையும் இல்லை. நான் முதலே சொன்னனான்" என்று எழுந்து போய்விட்டாள்.

வைத்தியர் என்னைப் பார்த்தார். "அவளுக்கு என்ன சொன்னீர்கள்?"

"நீங்கள் சொன்னதை."

தாதி கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இப்படிச் சொன்னாள். இந்தப் பெண் இப்போது வீட்டுக்குப் போய், சொன்ன பொய்யை உண்மையாக்குவதற்காக மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தப் போகிறாள். அப்படி நிறுத்தினால் பிள்ளை நேரத்துக்கு முன் வந்துவிடலாம், செத்தும் போகலாம். நிறுத்தாதே, வா, மாற்று மருந்து தருகிறோம் என்பதைத்தான் முதலில் சொல்லியிருக்கவேண்டும். அதைச் சொல்ல நேரமே வரவில்லை.

அடுத்த தவணைக்கு வதனி வரவில்லை. அதற்கு அடுத்ததற்கும் இல்லை. தாதி அந்த வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பாள், நான் பக்கத்தில் இருப்பேன். மச்சாள்தான் பேசுவார். "அவ குளிக்கிறா." "அவ நித்திரை." "பேந்து எடுங்கோ." அந்த நாட்களில் எனக்கு ஒரு கனவு வரும். பனி மூடிய ஆற்றின்மேல் நடந்துகொண்டிருப்பேன். வயிறு கனக்கும். உள்ளே ஏதோ புரளும். யாரோ பின்னாலிருந்து பிரெஞ்சில் கேள்வி கேட்பார்கள். நான் திரும்பினால் பனி உடையும் என்று தெரியும், திரும்பாமல் நடப்பேன். எழும்பினால் பக்கத்தில் என் மனிதர் குறட்டை.

ஆறு உருகி, மரங்கள் இலை விட்டு, வெயில் வந்துவிட்டது. தாதி வீட்டுக்கே போவது என்று முடிவெடுத்தாள். கர்ப்பிணிகளை வீட்டில் போய்ப் பார்ப்பது அவர்கள் வேலையில் உள்ளதுதான். என்னையும் காரில் ஏற்றிக்கொண்டாள். இல்-பிசாரில் பஸ் வருவது அரிது. பெரிய புல்வெளிகள், நடுவில் தனித்தனி வீடுகள், மனிதரைக் காணமுடியாது. புல் வெட்டும் சத்தம் எங்கிருந்தோ வரும், எங்கே என்று தெரியாது.

மச்சாள் கதவைப் பாதி திறந்தார். "உங்களை ஆர் வரச்சொன்னது? பக்கத்து வீட்டுச் சனம் பாக்குது."

"வதனி எங்கை?"

"எங்கை எண்டு நான் சொல்லுறது? ஒவ்வொரு நாளும் மத்தியானத்திலை நடந்து போறா. உந்தப் படகிலை ஏறி அங்காலை லாவால் பக்கம் போறா, பேந்து இங்காலை வாறா, பேந்தும் போறா. சாப்பாடும் இல்லை. முகம் வேர்த்து ஊத்துது. விசர் பிடிச்சிட்டுது போலை." குரல் கொஞ்சம் உடைந்தது. அதை மறைக்க உடனே அதட்டினார். "வாசல்லை நிக்காதேங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

தாதி குடிக்கவில்லை. எனக்கு அதைவிட மரியாதை தெரியும், ஆனால் நானும் குடிக்கவில்லை.

அந்தப் படகு கோடையில் மட்டும் ஓடும். தட்டையானது, சில கார்களும் சைக்கிள்காரர்களும் ஏறலாம். நாங்கள் போனபோது படகு கரைக்கு வந்துகொண்டிருந்தது. வெயிலில் தண்ணீர் கண்ணைக் கூசவைத்தது, படகு எங்கே முடிகிறது ஆறு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வதனி நின்றாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. எங்களைக் கண்டும் இறங்கவில்லை. நாங்கள் ஏறினோம். படகு திரும்பியது.

தாதி இந்த முறை கேள்வி ஒன்றும் கேட்கமாட்டேன் என்றாள். நான் சொல்வதைக் கேள், நல்லதும் கெட்டதும் எல்லாம் சொல்வேன், பிறகு நீ இறங்கிப் போகலாம். மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினால் பிள்ளைக்கு ஆபத்து. மருந்துக்கடையில் ஒவ்வொரு நாளும் குடிக்கிற மாற்று மருந்து இருக்கிறது, அது உன்னையும் பிள்ளையையும் நிதானத்தில் வைத்திருக்கும். சிறுவர் பாதுகாப்பு வரலாம், அது பொய் இல்லை. வந்தால், சிகிச்சைக்கு வருகிற தாயை அவர்கள் ஒரு விதமாகப் பார்ப்பார்கள், ஒளிந்த தாயை வேறு விதமாகப் பார்ப்பார்கள். நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் அந்த அறையில் நானும் இருப்பேன்.

ஒவ்வொன்றாகச் சொன்னேன். வதனி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடுவிலை வரேக்கை மட்டும்தான் அக்கா எனக்கு மூச்சு வருது" என்றாள். "கரையிலை நிண்டா ஆரோ கேள்வி கேக்கப் போகினம் எண்டு இருக்கு."

"இப்ப நடுவிலைதான் நிக்கிறம்" என்றேன். அதை நான் சொல்லியிருக்கக்கூடாது, அது மொழிபெயர்ப்பு இல்லை. தாதியிடம் உடனே சொன்னேன், நான் இப்படிச் சொன்னேன் என்று. பரவாயில்லை என்று கையைக் காட்டினாள்.

"நான் நிப்பாட்டிப் போட்டன். குறைச்சுக் குறைச்சு வந்து, இப்ப முழுக்க நிப்பாட்டிப் போட்டன். முதல் சொன்னது பொய்யாப் போகக்கூடாது எண்டுதான். நேற்றிலை இருந்து வயிறு இறுகி இறுகி விடுது." தண்ணீரிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். "அக்கா, நான் முதல் சொன்னது பொய். எழுதச் சொல்லுங்கோ. நான் மாத்திரை எடுத்தனான். பிள்ளை எனக்கு வேணும்."

படகின் இயந்திரச் சத்தத்துக்கு மேலால் தாதிக்குக் கேட்கவேண்டும். நான் பிரெஞ்சில் கத்தினேன். நான் முன்பு பொய் சொன்னேன்! நான் மாத்திரை எடுத்தேன்! என் வயிறு இறுகுகிறது! பிள்ளை எனக்கு வேண்டும்!

கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற படகுக்காரர் திரும்பினார். மீசைக்காரர், செம்மஞ்சள் சட்டை. என் நரைத்த தலையைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார், அது கொஞ்சம் பெரியதுதான். போய் ஒரு மடக்குக் கதிரையைக் கொண்டுவந்து, மிக மரியாதையாக எனக்கு விரித்து வைத்தார். வதனி அதைப் பார்த்தாள். அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் முதலில் கண்டேன், சிரிப்பு பாதியில் வலியாக மாறிவிட்டது. கதிரையை அவளுக்குக் கொடுத்தேன்.

படகு திரும்பி வந்ததும் தாதி நேரே வைத்தியசாலைக்குக் காரை விட்டாள். மாற்று மருந்து தொடங்கினார்கள். வயிறு இறுகுவது அடங்கியது. பிள்ளை உள்ளேயே இருந்தது.

அந்தக் கோடை முழுக்க நான் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். கோயில் வாசலில், கல்யாண வீட்டில், எங்கே பார்த்தாலும் சொல்லுகிற ஆட்கள் உண்டு, இப்படியான பெண்களைப் பிடித்து உள்ளே போட்டால்தான் பிள்ளைகள் தப்பும் என்று. அவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே அந்தச் சட்டம் இல்லை. இல்லாத சட்டத்துக்குத் தாய் பயந்ததிலேயே ஒரு பிள்ளை சாகப் பார்த்தது. இருந்திருந்தால் அவள் படகிலிருந்து இறங்கியே இருக்கமாட்டாள்.

பிள்ளை கொஞ்சம் முந்திப் பிறந்தது. பெண். மாற்று மருந்துக்குப் பழகிய உடம்பு, அது இல்லாமல் தவித்தது. நடுங்கும், தும்மும், மெல்லிய கூர்மையான குரலில் அழும். இது வரும் என்று தாதி முன்பே சொல்லி, நானும் வதனிக்குச் சொல்லியிருந்தேன். அப்படியான பிள்ளைகளை வெளிச்சம் குறைத்த அறையில், சத்தமில்லாமல், தாயின் நெஞ்சோடு வைத்திருப்பார்கள். அங்கே யாரும் உரத்துப் பேசக்கூடாது. திரைச்சீலை வழியாக வருகிற பழுப்பு வெளிச்சத்தில் எல்லோரும் தண்ணீருக்கு அடியில் நடப்பவர்கள்போல நடந்தார்கள். வாழ்நாளில் நான் இரகசியக் குரலில் மொழிபெயர்த்த ஒரே இடம் அதுதான்.

வைத்தியசாலை அறிவித்தது. சிறுவர் பாதுகாப்பிலிருந்து ஒரு பெண் வந்தாள். இளையவள், தடிமன் பிடித்து மூக்கு அடைத்திருந்தது. அவள் கதவைத் தட்டியபோது வதனியின் புருஷன் சுவரோடு ஒட்டினான். மச்சாள் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். வதனி மட்டும் அசையவில்லை.

"வாங்கோ. வருவியள் எண்டு தெரியும்" என்றாள்.

என்னிடம் கேள்வி கேட்ட பிள்ளைக்கு இதுதான் பதில். சிறுவர் பாதுகாப்பிலிருந்து ஒருத்தி வரக்கூடும் என்பதை வதனி பனிக்காலத்திலிருந்து அறிவாள். நான் அன்றைக்கு அந்தப் பாதியை விழுங்கியிருந்தால், கதவு தட்டப்பட்ட நேரத்தில்தான் அவளுக்கு அது முதற் செய்தி. வைத்தியர் பொய், தாதி பொய், அந்த அக்காவும் பொய். பிறகு நெஞ்சில் கிடந்த பிள்ளையைக் கோட்டுக்குள் சுற்றிக்கொண்டு அவள் எந்தப் படகில் ஏறியிருப்பாளோ தெரியாது. ஆளைப் பயமுறுத்தாமல் இருப்பது உங்கள் வேலை இல்லை. எதற்குப் பயப்படவேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்று அவளே பார்த்துக்கொள்ளும்படி விடுவதுதான் வேலை. ஆம், அவள் ஓடினாள். வாரக்கணக்கில் நான் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. அப்படியும் அதையேதான் சொல்வேன்.

சிறுவர் பாதுகாப்புப் பெண் கேட்டதற்கெல்லாம் வதனி பதில் சொன்னாள். எப்போது தொடங்கியது, எப்போது ஒளித்தது, எப்போது நிறுத்தப் பார்த்தது. புருஷனுக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

"தெரியாது" என்றான் அவன். ஓட்டத்திலிருந்து நேரே வந்திருந்தான், கண் சிவந்திருந்தது. "எனக்குச் சொல்லக்கூடியமாதிரி நான் நடக்கேல்லை. அதையும் சொல்லுங்கோ அக்கா."

சொன்னேன்.

"எங்கடை குடும்பத்திலை உப்பிடி ஒண்டும் நடந்ததில்லை" என்று மச்சாள் ஆரம்பித்தார். அதையும் சொன்னேன். அந்தப் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வீட்டில் யார் உதவிக்கு இருப்பார்கள் என்று அவரையே கேட்டாள்.

மச்சாள் பிள்ளையைப் பார்த்தார். "பத்தியக்கறி ஆர் காய்ச்சிறது? நான்தானே" என்றார். "உவளுக்குச் சரக்கரைக்கத் தெரியுமே?"

பத்தியக்கறி என்றால் பிள்ளை பெற்றவளுக்கு மருந்துச் சரக்கு அரைத்துக் காய்ச்சும் கறி என்று நான் விளக்க, அந்தப் பெண் அதைக் கவனமாகக் கேட்டாள்.

தாதி சொன்னபடி அந்த அறையில் இருந்தாள். கோடை முழுக்க வதனி ஒரு நாளும் தவறாமல் மருந்துக்கு வந்ததைச் சொன்னாள். பிள்ளை தாயோடு வீட்டுக்குப் போகலாம், தான் இடையிடையே வந்து பார்ப்பேன் என்று அந்தப் பெண் முடித்தாள். அவள் வந்தாள், மாதக்கணக்கில். குளிர்சாதனப் பெட்டியைக் கூடத் திறந்து பார்த்தாள். அவள் வருகிற நாட்களில் வதனி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடமாட்டாள். இது இனிப்பான கதை இல்லை.

ஆனால் அன்றைக்கு, அந்தப் பெண் போன பிறகு, வதனி என் கையைப் பிடித்து இழுத்தாள். பிரசவம் முடிந்ததிலிருந்து ஒன்றைக் கேட்கப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள்.

"அக்கா, நான் அந்த மருந்து குடிக்கிறன்தானே. பிள்ளைக்கு என்ரை பால் குடுக்கலாமோ எண்டு கேளுங்கோ."

கேட்டேன். கொடுக்கலாம் என்றாள் தாதி. கொடுத்தால் இந்த நடுக்கத்துக்கும் நல்லது.

நான் அதை வதனியின் காதுக்குள் சொன்னேன். அவள் புருஷனைத் திரும்பி நிற்கச் சொன்னாள், அவன் திரும்பி நின்றான். மச்சாள் ஒரு துணியைப் பிடித்து மறைத்தார். பழுப்பு வெளிச்சத்தில் பிள்ளை வாயால் தேடியது, தவறவிட்டது, அழுதது, மறுபடி தேடியது. பிறகு பிடித்துக்கொண்டது. நடுக்கம் நிற்கவில்லை. நடுங்கிக்கொண்டே குடித்தது.